இன்றைக்கா, அடுத்த வாரமா, திருவிழா முடிந்தா? எச்.ஐ.வி. மாத்திரையை எப்போது தொடங்குவது

பங்குனி மாதக் கடைசி. பெரியாஸ்பத்திரிக்கு வெளியே, பனகல் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். வயது 34. கப்பலூர் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். கையில் மடித்து மடித்துக் கசங்கிப்போன ஒரு தாள். அதில் சி.டி.4, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, 612 என்று இருந்தது. டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. அவர் அதைத் தொடவே இல்லை.

"612 நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்கக்கா. அப்புறம் எதுக்கு இப்பவே மாத்திரை? அழகர் ஆத்துல இறங்கி முடியட்டுமே."

வருடா வருடம் கள்ளழகர் வரும்போது ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவது அவர் வீட்டு நேர்த்திக்கடன். அப்பா செய்தது, இப்போது இவர் செய்கிறார். விரதம் இருக்கும் நாளில் இந்த மாத்திரையை வாயில் போட மனசு ஒப்பவில்லை. இதை எழுத அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். வேலை, வயது போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2005-ல் இருந்து மதுரை, உசிலம்பட்டி, மேலூர் பக்கம் எச்.ஐ.வி. உள்ளவர்களோடு வேலை பார்க்கிறேன். மாத்திரையை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு நானே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறேன். அன்றன்றைக்குச் சிகிச்சை விதி அப்படி இருந்தது. விதி மாறிவிட்டது, ஆனால் பழைய பதில்கள் ஊருக்குள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தம்பியின் காதுக்கும் அவை வந்து சேர்ந்திருந்தன. உசிலம்பட்டிக்காரர் ஒருவர், பதினெட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுபவர், "எனக்கெல்லாம் 200-க்குக் கீழ இறங்கின பிறகுதான் குடுத்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு தனியார் மருத்துவர், "ஆறு மாசம் கழிச்சு மறுபடி எண்ணிக்கை பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள், "எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும் இங்க உடனே ஆரம்பிச்சிருவாங்க அண்ணே" என்று போனில் சொன்னாராம்.

மூன்றையும் கூட்டிக் கழித்து அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "அது பணக்கார நாட்டு வைத்தியம்க்கா. அவங்களுக்கு மருந்து நிறைய இருக்கு, உடனே ஆரம்பிக்கிறாங்க. நமக்கு அவ்வளவு அவசரம் இல்லை."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவருக்கு முன்னால் இருந்த வழிகள் மூன்று: எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருப்பது, இன்றைக்கே தொடங்குவது, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு தொடங்குவது. முதல் வழியை ஏன் தள்ளிவிட வேண்டும் என்பதற்கு அந்த 200 எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

சி.டி.4 என்பது நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் படைக்குத் தலைமை தாங்கும் அணுக்கள். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. இவற்றைத்தான் தின்கிறது. மருந்து இல்லாவிட்டால் ஆண்டுக்குச் சுமாராக 50 முதல் 100 வரை குறையும். 200-க்குக் கீழே போனால் காசநோய், மூளைக்காய்ச்சல், நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தபோது, அமெரிக்காவில் ஒரே உற்சாகம். டேவிட் ஹோ போன்ற ஆராய்ச்சியாளர்கள் சீக்கிரமே பலமாகத் தாக்க வேண்டும் என்றார்கள். சில வருடத்தில் வைரஸையே உடம்பிலிருந்து துடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1998-ல் அங்கே 500-க்குக் கீழே இருந்தால் மருந்து என்று வழிகாட்டினார்கள். ஆனால் அந்தக் கால மருந்துகள் லேசுப்பட்டவை அல்ல. இண்டினாவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்தில் கல் சேரும். முகத்திலும் கைகால்களிலும் கொழுப்பு கரைந்தது. வைரஸும் முழுதாகத் துடைபடவில்லை. 2001-ல் அமெரிக்காவே பின்வாங்கி, 350-க்கு மேல் இருப்பவர்கள் பொதுவாகக் காத்திருக்கலாம் என்றது. பணக்கார நாடும் காத்திருக்கச் சொன்ன காலம் உண்டு. பணம் இருந்தது, நல்ல மருந்து இல்லை.

நம் பக்கத்தில் இரண்டுமே இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஒரு வருட மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும். 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அதற்குப் பிறகுதான் ஏழை நாடுகளில் இலவச மருந்து என்பது பேச்சிலிருந்து காரியத்துக்கு வந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கினார்கள். அப்போதும் மருந்து எல்லோருக்கும் போதாது. பந்தியில் சோறு குறைவாக இருந்தால் பசியில் மயங்கிக் கிடப்பவருக்குத்தானே முதலில் இலை போடுவோம்? அப்படித்தான் 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதலில் என்ற விதி வந்தது. உலக சுகாதார நிறுவனமும் அப்போது ஏழை நாடுகளுக்கு அதைத்தான் சொன்னது.

இன்னொரு காரணத்தை வெளியில் அதிகம் பேசுவதில்லை. அப்போது நமக்குக் கிடைத்த மலிவு மாத்திரையில் இருந்தவை ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். நெவிரபினில் ஒரு வில்லங்கம் உண்டு. சி.டி.4 நன்றாக இருக்கும்போது தொடங்கினால், அதிலும் பெண்களுக்கு 250-க்கு மேல் இருந்தால், ஈரலைக் கடுமையாகப் பாதிக்கும் ஆபத்து கூடுதல். ஸ்டாவுடினோ மெல்ல மெல்ல முகத்தைக் கரைக்கும், பாதத்தில் நெருப்பு வைத்தது போல எரிச்சல் தரும். ஆக, நன்றாக இருப்பவருக்கு அந்த மருந்தைக் கொடுப்பதில் மருத்துவர்களுக்கே தயக்கம் இருந்தது. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு.

அந்த உசிலம்பட்டிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். 2006-ல் அவருடைய எண்ணிக்கை 260. "இன்னும் எறங்கல, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அவர் வந்தது பத்து மாதம் கழித்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு. காசநோய். எண்ணிக்கை 74. தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து பிழைத்தார். பிறகு ஸ்டாவுடின் மாத்திரையில் கன்னம் ஒட்டி, கையில் நரம்பெல்லாம் கயிறு போலப் புடைத்துத் தெரியத் தொடங்கியது. கோடைக்காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். இன்றைக்கும் அப்படித்தான். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் அன்று சொல்லப்பட்டதைத்தான் இன்று அடுத்தவருக்குச் சொல்கிறார். ஆனால் அந்த 200 நம் உடம்பைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல. மருந்து பற்றாத காலத்தில், இருந்த மருந்தும் மோசமாக இருந்த காலத்தில், வேறு வழியில்லாமல் இழுத்த கோடு.

அந்தக் கோட்டை அழித்தவர்கள் யார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அழித்ததில் பாதிக்கு மேல் ஏழை நாட்டு மக்கள்.

ஹைத்தி நாட்டில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில் 200-க்கும் 350-க்கும் இடையே எண்ணிக்கை இருந்த 816 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. இன்னொரு பிரிவு, அன்றைய விதிப்படி, 200-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தது. உடனே தொடங்கியவர்களில் 6 பேர் இறந்தார்கள், காத்திருந்தவர்களில் 23 பேர். காசநோய் வந்தது 18-க்கு எதிராக 36. 2009-ல் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, காத்திருந்த எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். இந்த எண்ணிக்கையை முதல் தடவை படித்த அன்று நான் அந்த 260-ஐத்தான் நினைத்தேன். அந்த வருடக் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் 350 என்று உயர்த்தியது.

2011-ல் மலாவி நாடு இன்னொரு காரியம் செய்தது. அங்கே கிராமங்களில் சி.டி.4 பார்க்கும் இயந்திரமே கிடையாது. இயந்திரத்துக்காகக் காத்திருந்தால் கர்ப்பிணிகள் பிரசவமே ஆகிப் போய்விடுவார்கள். அதனால் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணி யாராக இருந்தாலும், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், உடனே தொடங்கி வாழ்நாள் முழுக்க மருந்து என்று முடிவெடுத்தார்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று எடுத்த முடிவு அது. நம் நாடு 2014-ல் அதையே பின்பற்றியது. மேலூரில் இருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எண்ணிக்கை கேட்காமலே மாத்திரை கொடுத்த முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது விசித்திரமாகப் பட்டது.

சரி, பணக்கார நாடுகள்? அமெரிக்கா 2012-ல் எல்லோருக்கும் மருந்து என்றது. ஆனால் பிரிட்டன் 2015 வரை பொதுவாக 350 என்ற கோட்டிலேயே நின்றது. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் 500 என்று சொல்லிவிட்டது. அந்த இரண்டு வருடம், ஏட்டளவில், ஆப்பிரிக்காவில் ஒருவருக்குச் சொல்லப்பட்ட தொடக்கம் லண்டனில் இருப்பவருக்குச் சொல்லப்பட்டதை விட முந்தியது. பணக்கார நாட்டு வைத்தியம், ஏழை நாட்டு வைத்தியம் என்று பிரித்துப் பேசினால் இது எந்தக் கணக்கில் சேரும்? தம்பியிடம் இதைச் சொன்னபோது, "இங்கிலாந்துலயே காத்திருக்கச் சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வாதத்தை முடித்து வைத்தவை 2015-ல் வந்த இரண்டு ஆய்வுகள். ஒன்று ஐவரி கோஸ்ட் நாட்டில் நடந்த டெம்ப்ரானோ. அதிலும் சீக்கிரம் தொடங்கியவர்களே நன்றாக இருந்தார்கள். இன்னொன்று ஸ்டார்ட். 35 நாடுகள், 4,685 பேர், எல்லோரும் 500-க்கு மேல் எண்ணிக்கை உள்ளவர்கள். நம் தம்பி மாதிரியே நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். உடனே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வரும் ஆபத்து, 350-க்கு இறங்கும்வரை காத்திருந்தவர்களைவிட 57 சதவீதம் குறைந்தது. பணக்கார நாட்டிலும் ஏழை நாட்டிலும் பலன் ஒன்றுபோலத்தான் இருந்தது. இதில் முக்கியமானது வேறு ஒன்று. அப்படி நோய்ப்பட்டவர்களில் 68 சதவீதம் பேர், நோய் வந்த நேரத்தில் 500-க்கு மேல் எண்ணிக்கையோடுதான் இருந்தார்கள். 612 நல்ல எண் என்பது உண்மை. அது பூட்டிய கதவு என்று நினைப்பதுதான் தப்பு. காசநோய்க் கிருமி ஊரெல்லாம் இருக்கிற, மில் ஷெட்டுக்குள் நூறு பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிற நம் பக்கத்தில் இந்தத் தப்புக்கு விலை அதிகம். 2015 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் மருந்து என்றது. இந்தியா 2017 ஏப்ரலில் அதை ஏற்றது. அன்றிலிருந்து எச்.ஐ.வி. மருந்து தரும் நம் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் எண்ணிக்கை பார்ப்பது மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அல்ல, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

காத்திருக்கும் வழிக்கு எதிராக இன்னும் ஒன்று. தம்பியின் மனைவிக்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்திருந்தது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருக்கும் 1,763 தம்பதியரிடம், இந்தியாவில் சென்னை, புனே உட்பட, ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 2011-ல் வந்த முடிவின்படி, துணையிடமிருந்தே தொற்றியதாக உறுதியான 28 பேரில் 27 பேர் மருந்தைத் தள்ளிப்போட்ட பிரிவில் இருந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய பிறகு, உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதைச் சொன்னபோதுதான் தம்பி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஆகவே காத்திருப்பதா என்ற கேள்வி முடிந்துவிட்டது. உண்மையில் யோசிக்க வேண்டியது இன்றைக்கா, அடுத்த வாரமா என்பதுதான். இதில் நான் யாரையும் அதட்டமாட்டேன். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

அன்றைக்கே தொடங்குவதற்குப் பலமான ஆதாரம் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில், முதல் வருகையிலேயே எல்லாப் பரிசோதனையும் முடித்து மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் 97 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். வழக்கம்போல நாலைந்து தடவை அலையவிட்ட பிரிவில் 72 சதவீதம் பேர்தான். பத்தாவது மாதத்தில் வைரஸ் அடங்கியிருந்தது 64 சதவீதம் பேருக்கு, மற்றதில் 51. லெசோத்தோ, ஹைத்தி இரண்டிலும் இதே போக்கு. 'திரும்ப வாங்க' என்று சொல்லி அனுப்பும்போது ஒவ்வொரு தடவையும் சிலர் வராமலே போகிறார்கள். பேரையூரில் இருந்து வருபவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு, வீட்டில் சொல்ல ஒரு பொய். மூன்று தடவை பொய் சொல்ல எல்லோராலும் முடியாது.

பணக்கார நாடுகளிலும் சான்பிரான்சிஸ்கோ போன்ற இடங்களில் அன்றே கொடுக்கிறார்கள். அங்கே வைரஸ் எந்த மருந்துக்கு அடங்காது என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் தொடங்குகிறார்கள். இங்கே தொடக்கத்தில் அந்தப் பரிசோதனை எல்லோருக்கும் செய்வதில்லை. இப்போது கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெக்ராவிருக்கு எதிராக வைரஸ் அவ்வளவு சுலபமாகத் திமிறாது. அந்த உறுதிதான் அன்றே தொடங்கும் துணிச்சலை நமக்கும் கொடுத்திருக்கிறது. நெவிரபின் காலத்தில் இப்படிச் செய்திருந்தால் நானே தடுத்திருப்பேன்.

அப்படியானால் ஒரு வாரம் எதற்கு? ஒரு டப்பாவுக்காக. முப்பது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா, நடந்தால் கிலுகிலு என்று சத்தம் போடும். வீட்டில் யாருக்கும் சொல்லாதவர் அதை எங்கே வைப்பார்? விபூதி டப்பாவில் கொட்டி வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். ஈரம் ஏறி மாத்திரை பொரிந்துபோனது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கும், அதோடு அதே டப்பாவில்தான் இருக்க வேண்டும். சத்தம் கேட்காமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு வைத்து மூடுங்கள் என்று சொல்வேன். இதெல்லாம் எந்த வழிகாட்டுதலிலும் இல்லை. ஆனால் அன்றைக்கே டப்பாவை வாங்கிக்கொண்டு போய், ஒன்றுகூடச் சாப்பிடாமல் மாட்டுத்தாவணி பஸ் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து எலும்பும் தோலுமாக வந்த ஒருவர் உண்டு. அவருக்கு நான் ஒரு வாரம் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் என் கணக்கு இப்படி. வீட்டில் ஒருவருக்காவது தெரியும், அந்த ஆள் பக்கபலமாக இருக்கிறார், வந்தவரே "குடுங்க, ஆரம்பிச்சிடறேன்" என்கிறார் என்றால் அன்றைக்கே. கர்ப்பிணி என்றால் கண்டிப்பாக அன்றைக்கே. எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தால், காசநோய், மூளைக்காய்ச்சல் அறிகுறி இல்லை என்று பார்த்துவிட்டு, முடிந்தவரை அன்றைக்கே. ஊருக்குத் திரும்பினால் மறுபடி வருவாரா என்று சந்தேகம் என்றாலும் அன்றைக்கே, கூடவே இரண்டாம் நாள் ஒரு போன். முடிவைக் கேட்டதில் இருந்து பேச்சே வராமல் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கும் சொல்லவில்லை, உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் மூன்று நாளோ ஐந்து நாளோ எடுத்துக்கொள்ளட்டும். ஏழு நாளைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்னதும் ஏழு நாள்தான், தயாராக இருப்பவருக்கு அன்றே. அந்த ஒரு வாரத்துக்கும் தேதி வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்பது ஒரு வாரம் அல்ல, அது பழைய 200-தான்.

உண்மையிலேயே தள்ளிப்போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை ஆபத்தாகிவிடும். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு இருந்தால் முதலில் மூளைக்காய்ச்சல் பார்க்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையாலோ காசநோயாலோ வந்த மூளைக்காய்ச்சல் என்றால், அதற்கான சிகிச்சையை முதலில் தொடங்கி, பூஞ்சை என்றால் சுமார் நாலு முதல் ஆறு வாரம், காசநோய் என்றால் நாலு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் எச்.ஐ.வி. மாத்திரை. அவசரப்பட்டுக் கொடுத்தால், திடீரென்று பலம் பெறும் எதிர்ப்புப் படை மூளைக்குள்ளேயே வீக்கத்தை உண்டாக்கி உயிரை எடுத்துவிடும். நுரையீரல் காசநோய் என்றால் அவ்வளவு தாமதம் தேவையில்லை. காசநோய் மாத்திரையை முதலில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் இதையும் சேர்க்க வேண்டும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு டோலுடெக்ராவிர் இரண்டு வேளை வேண்டியிருக்கும். அதனால்தான் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை நாலையும் முதல் நாளே கேட்கிறோம். கூச்சப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

அரசா தனியாரா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரையும் வைரஸ் அளவுப் பரிசோதனையும் இலவசம், வேலை மாறினால் வேறு மாவட்ட மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியதைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினால், கையில் பணம் இல்லாத மாதம் ஒன்று கட்டாயம் வரும். நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவதும் காத்திருப்பதைப் போலவே ஆபத்து. 33 நாடுகளில் நடந்த ஸ்மார்ட் ஆய்வை 2006-ல் நிறுத்தியதற்குக் காரணமே அதுதான்.

விதி எல்லா நாட்டிலும் ஒன்றாகிவிட்டது. அப்படியென்றால் பணக்கார நாட்டுக்கும் நமக்கும் இன்று வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் மாத்திரை கொடுக்கும் மேசையில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. 2006-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், ஏழை நாடுகளில் மருந்து தொடங்கியவர்களின் நடு எண்ணிக்கை 108, பணக்கார நாடுகளில் 234. முதல் மாதத்தில் இறக்கும் ஆபத்து ஏழை நாட்டில் நாலு மடங்குக்கு மேல். மருந்து ஒன்றுதான், வந்து சேர்ந்த நேரம் வேறு. இன்றைக்கு ஐரோப்பாவிலேயே சுமார் பாதிப் பேர் 350-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் தங்களுக்கு இருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குள் நுழைய மனசு வராத ஒவ்வொரு மாதமும், யாரும் உத்தரவு போடாமலே நடக்கும் காத்திருப்பு.

தம்பி 612-லேயே வந்தது அதிர்ஷ்டம். அதுவும் நல்ல விதமாக வந்ததல்ல. குடலிறக்க அறுவைக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, சொல்லாமல் கொள்ளாமல் ரத்தத்தைச் சோதித்து, மற்ற நோயாளிகள் காதுபட முடிவைச் சொல்லி, அறுவையும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதமில்லாமல் பரிசோதிப்பதும், வெளியே சொல்வதும், சிகிச்சை மறுப்பதும் கூடாது. அவர் புகார் கொடுக்க விரும்பவில்லை. அந்த முடிவு அவருடையது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது நாலு நாள். மனைவியிடம் பரிசோதனையைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தார், முழுதாகச் சொல்ல நாலு நாள் வேண்டும் என்றார். விரதத்தைப் பற்றியும் பேசினோம். இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடும் சாப்பிடலாம், வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம். நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறி மருந்து, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை மட்டும் அதோடு சேர்த்து விழுங்கக்கூடாது. எச்.ஐ.வி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணி என்று நேரம் குறித்தார். ஷிஃப்ட் மாறினாலும் அந்த நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை வருமாம். தண்ணீர்ப் பை மட்டும் சின்னதாக இருக்கட்டும், குடலிறக்கத்தோடு பெரிய பையைத் தோளில் போட வேண்டாம் என்று மனைவி சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அழகர் ஆற்றில் இறங்கியபோது அவர் பதினாறு மாத்திரை சாப்பிட்டிருந்தார். முதல் வாரம் தூக்கம் சரியில்லை, கனவு கனவாக வந்தது, பிறகு சரியாகிவிட்டது. ஆறாவது மாதம் வைரஸ் அளவு பார்த்தோம், கண்டறிய முடியாத அளவு. இந்தத் தடவை தாள் கசங்கவில்லை, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அதே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் குடலிறக்கத்துக்கு என்ன வழி என்று கேட்டார். வரும் செவ்வாய்க்கிழமை காலை பெரியாஸ்பத்திரி அறுவைப் பிரிவுக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். அவர் மனைவியும் வருகிறார்.